அம்மாவைப் பாட்டுக் குழுவில் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பா காலமானதிலிருந்து 70 வயதாகும் அம்மா வெளியே வருவதே இல்லை. பக்கத்துத் தெருவில் திருப்புகழ் பாடும் குழுவில் கூப்பிடுகிறார்கள். "எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது" என்கிறார். சேர்ந்து பாடினால் மனசுக்கு நல்லது, மறதியும் வராது என்கிறார்களே, நிஜமா? - வாசகி, மதுரை

பதில்: முதல் பாதி நிஜம். சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில், 60 வயது தாண்டிய 390 பேரை வைத்து இதைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதி மையங்களில் உடனே பாட்டுக் குழு தொடங்கினார்கள், மீதி மையங்கள் ஆறு மாதம் காத்திருந்தன. வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். பாடியவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது, வாழ்க்கையில் ஈடுபாடு கூடியது. ஆனால் நினைவாற்றலில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை, அதனால் மறதிக்கு மருந்து என்று சொல்லி மட்டும் அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

ராகம் தெரியாதது ஒரு குறையே இல்லை, பத்துப் பேர் குரலோடு அவர் குரலும் கலந்துவிடும். துக்கத்தில் இருப்பவரிடம் "போய்ட்டு வாம்மா" என்று சொன்னால் மட்டும் போதாது, முதல் சில வாரம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பல பேர் பாடாமல் இருப்பதற்குக் காரணம் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாததுதான், வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: சாப்பாடும் தூக்கமும் சரியாக இல்லையென்றால் பாட்டை மட்டும் நம்பாமல் மருத்துவரையும் பாருங்கள்.