அஞ்சல் வாக்கு, முகவரி மாற்றம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவில், பட்டர்வொர்த் வாக்காளர் உதவி முகாம்களில் பல தேர்தல்களாக உட்கார்ந்து வருகிறேன். தேர்தல் அறிவித்த பிறகு வரும் கேள்விகளில் பாதிக்கு "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இப்போதே கேட்கச் சொன்னேன்.

அண்ணே, மகனுக்கு 18 வயது ஆகப் போகிறது. எங்கே போய்ப் பதிய வேண்டும்? (பிறையிலிருந்து ஓர் அக்கா)

எங்கும் போக வேண்டாம் அக்கா. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தானாகவே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் எந்தத் தொகுதி என்பதை ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள முகவரிதான் முடிவு செய்கிறது. 12 வயதில் எடுத்த ஐசியில் பழைய வீட்டு முகவரியே இருந்தால் பையன் அந்த ஊர் வாக்காளர் ஆகிவிடுவான். 18 வயதில் ஐசியை எப்படியும் புதுப்பிக்க வேண்டும், அப்போதே முகவரியையும் சரி செய்யச் சொல்லுங்கள். அப்புறம் எஸ்பிஆரின் (தேர்தல் ஆணையத்தின்) மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் ஐசி எண்ணைப் போட்டு, பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஐசி முகவரி பினாங்கின் நிபோங் திபால், இப்போது இருப்பது கோலாலம்பூர் செந்தூலில் வாடகை வீடு. வாக்கைக் கோலாலம்பூருக்கு மாற்றலாமா?

மாற்றலாம் தம்பி, ஆனால் இது இரண்டு வேலை. முதலில் தேசியப் பதிவிலாகாவில் ஐசி முகவரியை மாற்ற வேண்டும். பிறகு எஸ்பிஆரிடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் வேலையோடு நின்றுவிட்டு, தொகுதி மாறிவிட்டது என்று நம்பியிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், அதற்குச் சட்டமன்றம் கிடையாது. 2023 ஆகஸ்டு 12-இல் பினாங்கில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது கோலாலம்பூர் வாக்காளர்களுக்கு வாக்களிக்க எதுவும் இல்லை. செந்தூலிலேயே நிலைத்துவிட்டீர்கள் என்றால் மாற்றுங்கள். இரண்டு வருடத்தில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, வாக்களிப்பு நாளுக்கு ரயில் டிக்கெட் எடுப்பதே மேல் என்பது என் கருத்து.

எதுவானாலும் நாடாளுமன்றம் கலையும் வரை காத்திருக்காதீர்கள். 2022-இல் அக்டோபர் 10-ஆம் தேதி கலைத்தார்கள். அக்டோபர் 9 வரையிலான பட்டியலைத்தான் பயன்படுத்தினார்கள்.

மெல்பர்னில் படிக்கிறேன். போன தடவை வாக்குச் சீட்டு மிகத் தாமதமாக வந்தது. ஏன் அண்ணா இப்படி?

வேட்புமனுத் தாக்கல் முடிந்தால்தான் சீட்டில் யார் பெயரை அச்சடிப்பது என்று தெரியும் தங்கச்சி. 2018-இல் மனுத்தாக்கல் ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. 2022-இல் நவம்பர் 5-க்கும் 19-க்கும் இடையே இரண்டு வாரம். அதற்குள் அச்சடித்து, உலகம் முழுக்க அனுப்பி, நீங்கள் குறியிட்டு, அது திரும்பி வர வேண்டும். வாக்களிப்பு நாள் மாலை 5 மணிக்குள் உங்கள் தொகுதித் தேர்தல் அதிகாரியின் கையில் சேராத சீட்டு எண்ணப்படாது. எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பதைப் பார்க்க மாட்டார்கள், வந்து சேர்ந்த நேரம்தான் கணக்கு. பிரசாரக் காலத்தை நீட்டாமல் இந்தக் குறை தீராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் கையில் இருப்பதைச் செய்வோம். கலைப்பு அறிவிப்பு வந்ததும் 1பி பிரிவில் (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான அஞ்சல் வாக்கு) இணையம் வழி விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி நாள் மனுத்தாக்கலுக்கு முன்பே வந்துவிடும். சீட்டு கைக்கு வந்த அன்றே குறியிட்டுக் கூரியரில் போடுங்கள். ஊருக்கு வருகிற நண்பரிடம் கொடுத்து அனுப்பலாம், அதுவும் செல்லும். 2018-இல் விமான நிலையங்களில் முன்பின் தெரியாதவர்கள்கூட உறைகளை வாங்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அஞ்சல் வாக்காளராக ஏற்கப்பட்டுவிட்டால், ஊருக்கே வந்தாலும் வாக்குச்சாவடியில் வாக்களிக்க முடியாது.

சாட்சி கையெழுத்து கட்டாயமா? நான் யாருக்குப் போட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடாதா?

கட்டாயம். ஆனால் அவர் பார்ப்பது நீங்கள் பாரம் 2-இல் (சீட்டோடு வரும் அடையாள உறுதிமொழிப் பாரம்) கையெழுத்துப் போடுவதை மட்டும்தான். வாக்கை நீங்கள் தனியாகப் போட்டு, சீட்டை ஏ உறையில் வைத்து ஒட்டிவிடுங்கள். அந்த ஏ உறையும் பாரம் 2-உம் பி உறைக்குள் போக வேண்டும். சாட்சி மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், தன் பெயர், ஐசி எண் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பாரத்தை ஏ உறைக்குள் வைப்பது, சாட்சியின் ஐசி எண்ணை விட்டுவிடுவது போன்ற சின்னப் பிழைகளால் வாக்கு வீணாகும். ஒட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பாருங்கள்.

சிங்கப்பூரில் வேலை. எனக்கும் 1பி கிடைக்குமா?

2022 பொதுத்தேர்தலில் சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகிய இடங்களில் இருந்தவர்களுக்கு அனுமதி இல்லை. பக்கம்தானே, வந்து போகலாம் என்பது காரணம். ஜொகூர்க்காரருக்குப் பாலம் தாண்டினால் ஊர். பட்டர்வொர்த்காரருக்கு அப்படியா? இது நியாயமில்லை. அடுத்த தேர்தலுக்கு என்ன விதி என்று எஸ்பிஆரிடம் கேட்டுப் பாருங்கள், எதற்கும் விடுப்பை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாட்டிக்கு 70 வயதுக்கு மேல், இங்கேயே பிறந்தவர், சிவப்பு ஐசி. வாக்களிக்க முடியுமா?

முடியாதம்மா. சிவப்பு ஐசி நிரந்தரவாசிகளுடையது, அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த எத்தனையோ பேர் இப்படி இருக்கிறார்கள், பதில் சொல்லும்போதே வலிக்கிறது. குடியுரிமை விண்ணப்பம் போட்டிருந்தால் தேசியப் பதிவிலாகாவில் அதன் நிலையை விடாமல் கேளுங்கள். குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தால் அவர் பெயரும் தானாகவே பட்டியலில் ஏறும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வாக்களிப்பு அன்று லீவு தரமாட்டேன் என்கிறார் சூப்பர்வைசர்.

முழு நாள் லீவு வேறு விஷயம். வாக்களித்துவிட்டு வர நியாயமான நேரம் கொடுத்தே ஆக வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டம், பிரிவு 25. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மனிதவளப் பிரிவிடம் இப்போதே கொடுத்து வையுங்கள். உங்கள் ஷிப்டில் உள்ள மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.