பத்திரக்காரர் பதில்கள்: மைனர் மகனின் பங்கை அம்மா விற்கலாமா?

கேள்வி: கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் வாங்கிய வீடும், பக்கத்தில் ஒரு காலி மனையும் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. உயில் இல்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகனுக்கு 14 வயது. மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டு, மனையை விற்கலாம் என்றிருக்கிறேன். மகனுக்காக நானே கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் புரோக்கர். சரிதானா?
— வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: மாடியைத் தாராளமாக வாடகைக்கு விடுங்கள். மனை விஷயத்தில் மட்டும் புரோக்கர் பேச்சைக் கேட்காதீர்கள், அம்மா.

முப்பது வருடம் பத்திரம் எழுதியே பிழைத்தவன் நான். 'தனக்காகவும், தன் மைனர் மகனுக்குக் கார்டியனாகவும்' என்று எழுதிய பத்திரங்களுக்குக் கணக்கில்லை. பத்திரம் பதிவாகிவிடும், வினையே அங்கேதான். அப்படித்தான் ஒரு அம்மா நாலு சென்ட் விற்றார். வாங்கியவர் வீடு கட்டிக் குடியும் போய்விட்டார். ஏழு வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பையனுக்கு அப்போது 20 வயது. கூடவே பள்ளிக்கூட டி.சி. நகல், பிறந்த தேதிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. வாங்கியவர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார், வாய் திறக்கவில்லை. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் 'எழுதியவர்' என்று என் கையெழுத்து.

1956ஆம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 8ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பெற்ற தாயே கார்டியனாக இருந்தாலும், மைனரின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கோர்ட் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். வாங்காமல் விற்றால், 18 முடிந்து மூன்று வருடத்துக்குள், அதாவது 21 வயதுக்குள், மகன் வழக்குப் போட்டுத் தன் பங்குக்கு அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லலாம்.

மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடுங்கள். அவசியத் தேவை அல்லது பையனுக்கு வெளிப்படையான நன்மை இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். அவன் பங்குப் பணத்தை அவன் பெயரில் பேங்கில் டெபாசிட் செய்யச் சொல்வது வழக்கம். அந்தப் பணத்தை நம்பிக் கடன் அடைக்கத் திட்டம் போடாதீர்கள். அவசரம் இல்லையென்றால் நாலு வருடம் பொறுப்பதே மேல் என்பேன். மனையா ஓடிப்போகப் போகிறது?

வாடகைக்கு ஏன் சரி என்றேன்? குத்தகை ஐந்து வருடத்தைத் தாண்டினாலோ, பையனுக்கு 18 முடிந்தபின் ஒரு வருடத்துக்கு மேல் நீண்டாலோதான் கோர்ட் அனுமதி தேவை. 11 மாத ஒப்பந்தத்துக்கு அது வேண்டாம்.

அப்புறம், மாமியார் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரும் வாரிசு, நால்வருக்கும் கால் கால் பங்கு. விற்கும்போது அவர் கையெழுத்தும் வேண்டும். 18 முடிந்த மகள் தனக்குத் தானே போடுவாள். மாமனாருக்கு இதில் பங்கில்லை.

கேள்வி: குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒரு அறையை ஒரு மாணவனுக்கு விட நினைக்கிறேன். வீட்டுக்காரர் போனில் 'பார்த்துக்கோங்க' என்றார். போதாதா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, உள்வாடகைக்கு விட வீட்டுக்காரரின் சம்மதம் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் உங்களைக் காலி செய்யச் சொல்ல அதுவே அவருக்குக் காரணமாகிவிடும். பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் வீட்டுக்காரரோடு ஒரு துணை ஒப்பந்தம் எழுதுங்கள்: எந்த அறை, யாருக்கு, எத்தனை மாதம், கரண்ட் பில் யார் கட்டுவது. உங்கள் மூல ஒப்பந்தமே வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்கு 90 நாள்தான் கெடு. 'பார்த்துக்கோங்க' என்றவரிடமே பேனாவையும் நீட்டுங்கள்.