பாஸ் மீனுக்கு எந்த ஜிக், எந்தக் குஞ்சம்? – வாசகர் கேள்வி பதில்

வட அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் பாஸ் மீன் பிடிக்கும் ஜிக் தூண்டில்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை விடை தருகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சொல்: ஈயத்தாலோ டங்ஸ்டனாலோ ஆன தலை, அதில் வார்த்துப் பதித்த தடித்த கொக்கி, கொக்கியை மறைத்துத் தொங்கும் சிலிக்கான் குஞ்சம், கொக்கி முனை செடியில் மாட்டாமல் காக்கும் நைலான் இழைக்கற்றை ஆகிய நான்கும் சேர்ந்ததே ஜிக். குஞ்சத்தைக் கடைகளில் ஸ்கர்ட் என்றும், கொக்கியில் கூடுதலாகக் கோக்கும் மென்பிளாஸ்டிக் துண்டை ட்ரெய்லர் என்றும் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: நான் பெரும்பாலும் லேக் ஃபோர்க் ஏரிக்குச் செல்கிறேன். கடையில் சுவர் முழுவதும் ஜிக்குகள் தொங்குகின்றன. தலை வடிவம், எடை, நிறம் ஆகியவற்றில் எதை முதலில் பார்ப்பது? – டல்லாஸ் வாசகர்

பதில்: தலையின் வடிவத்தையும் கொக்கியையும் முதலில் பாருங்கள், அடுத்தது எடை, நிறம் கடைசியில்தான். கண்ணைக் கவர்வது நிறம் என்பதால் பலர் அங்கிருந்து தொடங்கி, தங்கள் ஏரிக்குச் சற்றும் பொருந்தாத ஜிக்கை அழகான நிறத்தில் வாங்கி வந்துவிடுகிறார்கள். தூண்டில் எதற்குள் இறங்க வேண்டும், எதன்மேல் ஏறித் தாண்டி வர வேண்டும் என்பதற்கேற்பவே தலையின் வடிவம் அமைகிறது. அது பொருந்தாவிட்டால் மீன் இருக்கும் இடத்துக்கு ஜிக் போய்ச் சேர்வதே இல்லை.

லேக் ஃபோர்க்கின் அணை 1980-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 27,000 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியில், நீர் தேங்குவதற்கு முன் இருந்த மரங்களில் பெரும்பகுதி வெட்டப்படாமல் விடப்பட்டதால், இன்றும் பட்ட மரங்கள் நீருக்குள்ளும் நீருக்கு மேலும் நிற்கின்றன. கிளைகளுக்கிடையே இறக்கித் தூக்குவதற்கு, ஆர்க்கி என்று கடைகளில் அழைக்கப்படும் சற்றே தட்டையான தலையும், வளையாத தடித்த கொக்கியும், அடர்ந்த நைலான் காப்பும் உடைய அரை அவுன்ஸ் (14 கிராம்) ஜிக் ஏற்றது. அது கிளையைத் தொட்டதும் புரண்டு மேலேறிவிடும். அதே ஏரியில் மூழ்கிப்போன பழைய சாலைகளும் குட்டைக் கரைகளும் உண்டு. அந்தக் கெட்டித் தரையில் இழுத்து வருவதற்கு, அமெரிக்கக் கால்பந்தைப்போல நீள்வட்டமாய்க் குறுக்காக அகன்ற தலையுடைய ஃபுட்பால் ஜிக், முக்கால் அவுன்ஸ் எடையில் வேண்டும். அகன்ற தலை கற்களின் இடுக்கில் எளிதில் விழாது. கல்லில் இடறும்போது முன்புறம் சாய்ந்து, பின்னாலுள்ள ட்ரெய்லரைத் தூக்கிக் காட்டும். அடிநிலத்தில் ஊரும், இறாலைப் போன்ற கிராஃபிஷ் அச்சத்தில் கொடுக்கை உயர்த்தும் நிலை அதுவே. ஆனால் இந்த ஃபுட்பால் தலையை மரக்கிளைகளுக்குள் வீசினால் கவட்டையில் சிக்கிக்கொள்ளும். அங்கே அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

எடை என்பது ஆழத்தை எட்டுவதற்கு மட்டுமன்று, விழும் வேகத்துக்காகவும் தேர்ந்தெடுக்கப்படுவது. ஜிக் விழுந்துகொண்டிருக்கும்போதோ தரையைத் தொட்ட சற்று நேரத்திலோதான் பாஸ் பெரும்பாலும் அதைக் கவ்வுகிறது. அடர்ந்த குஞ்சமும் அகன்ற கொடுக்குள்ள ட்ரெய்லரும் பூட்டிய அரை அவுன்ஸ் ஜிக் மெதுவாக இறங்கும். அதே ஜிக்கின் குஞ்சத்தைக் கத்தரித்து, மெலிந்த ட்ரெய்லரை மாட்டினால் விரைந்து இறங்கும். ஆகவே வேறொரு எடையை வாங்குவதற்கு முன் கத்தரிக்கோலை எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் செல்லும் ஏரி சாதாரணமானதன்று. டெக்சாஸ் மாநிலத்தின் லார்ஜ்மௌத் (பெருவாய்) பாஸ் சாதனையான 18.18 பவுண்டு (சுமார் 8.25 கிலோ) மீன் 1992-இல் அங்கேதான் பிடிபட்டது. 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட நீளமுள்ள பாஸ் மீன்களை அங்கே மீண்டும் நீரில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. அளவுகோலை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்; அந்த மீன்கள்தாம் அந்த ஏரியின் செல்வம்.

கேள்வி: ஃபுளோரிடாவின் ஓகீசோபி ஏரியில் வீசும் ஒவ்வொரு முறையும் செடிக் கொத்தோடுதான் ஜிக் திரும்புகிறது. எடையைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? – ஆர்லாண்டோ வாசகி

பதில்: எந்தச் செடி என்பதைப் பொறுத்தது, அம்மா. பரப்பில் மிகப் பெரியதானாலும் ஓகீசோபி ஆழமற்ற ஏரி; அதன் சராசரி ஆழம் 9 அடி அளவே. அதனால் கதிரொளி அடிவரை எட்டும் ஓரப் பகுதிகளில் கோரை, அல்லி, ஹைட்ரில்லா எல்லாம் பரந்து வளர்கின்றன. செடியை ஒரே பொருளாக எண்ணி ஒரே ஜிக்கை வீசுவதே உங்கள் இடர்ப்பாட்டுக்குக் காரணம் என்று தோன்றுகிறது.

கோரையும் நாணலும் செங்குத்தாக நிற்பவை. அவற்றின் இடைவெளிகளில் நீந்தவிட்டு இழுத்து வருவதற்கு, கூர்மூக்குடைய ஸ்விம் ஜிக் வேண்டும். அதில் நரம்பு (தூண்டில் கயிறு) கட்டும் வளையம் தலையின் உச்சியில் இல்லாமல் மூக்கின் நுனியிலேயே இருப்பதால், தண்டுகளை விலக்கிக்கொண்டு நேராக வரும். கால் அவுன்ஸ் முதல் எட்டில் மூன்று அவுன்ஸ் (7 முதல் 10.6 கிராம்) வரை போதும், துடுப்பு வால் ட்ரெய்லரைப் பூட்டி, ஒரே சீராகச் சுற்றி இழுங்கள்.

ஹைட்ரில்லா நீர்மட்டத்தில் பாய்போலப் படர்ந்திருக்குமானால் நிலைமை வேறு. அதைத் துளைத்து உள்ளே இறங்க ஓர் அவுன்ஸ் அல்லது ஒன்றரை அவுன்ஸ் எடை வேண்டும். குஞ்சம் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். நீண்டு அடர்ந்த குஞ்சம் செடிப் படலத்தின் மேலேயே விரிந்து தங்கிவிடும். இங்கே 50 அல்லது 65 பவுண்டு வலுவுள்ள பின்னல் நரம்பைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் மீனோடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள செடியையும் நீங்கள் தூக்கியாக வேண்டும். நைலான் காப்பின் இழைகள் மிக விறைப்பாக இருந்தால், சில இழைகளை அடியோடு வெட்டிக் குறைத்து, மீதியைக் கொக்கி முனைக்குச் சற்று மேலே நிற்கும்படி நறுக்கி, விரல்களால் இருபுறமும் விரித்துவிடுங்கள். கடையில் வாங்கிய நிலையிலேயே எந்த ஜிக்கையும் நீரில் இறக்க வேண்டியதில்லை.

கேள்வி: கறுப்பு–நீலம்தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே நிறம் இவ்வளவு முக்கியமா? – சான் ஹோசே வாசகர்

பதில்: இதற்கு ஆய்வின் துணையோடே விடை சொல்ல முடிகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, லார்ஜ்மௌத் பாஸின் கண்ணில் இரண்டு வகை நிற உணர் செல்களே உள்ளன. ஒன்று பச்சையையும் மற்றொன்று சிவப்பையும் உணர்பவை. ஒரு குறிப்பிட்ட நிறத்தை நாடினால் உணவு கிடைக்கும் என்று பழக்கப்பட்ட மீன்கள் சிவப்பையும் பச்சையையும் நன்றாகவே பிரித்தறிந்தன. ஆனால் நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையிலும், பளிச்சென்ற மஞ்சள்பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையிலும் தடுமாறின.

அப்படியானால் புகழ்பெற்ற கறுப்பு–நீலக் குஞ்சம் மீனின் கண்ணுக்கு ஏறக்குறைய முழுக் கறுப்பாகவே தோன்றியிருக்க வேண்டும். அது பலன் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. கலங்கிய நீரில் அதற்கு நிகரானது குறைவு. பலன் தருவது நீல இழையன்று, பின்னணியிலிருந்து திட்டமாகத் தெரியும் இருண்ட உருவமே என்பதுதான் என் முடிவு. 1970-களில் டீ தாமஸ் நீண்ட தூண்டில் கோலைக் கொண்டு ஜிக்கை அருகிலேயே ஓசையின்றி இறக்கும் ஃபிளிப்பிங் முறையைப் போட்டிகளில் பரப்பியவர். உங்கள் கலிஃபோர்னியாவின் கோரை விளிம்புகளில் பிறந்த முறை அது. அத்தகைய கலங்கல் நீரில் மீன் மிக அருகில் வந்த பிறகே இரையைக் காண்கிறது. அதுவரை பக்கவாட்டு உணர்கோட்டின் வழியாக நீரின் அசைவையே அறிகிறது. ஆகவே அங்கே நிறத்தைவிடக் குஞ்சத்தின் பருமனுக்கும் ட்ரெய்லரின் அசைவுக்குமே கூடுதல் கவனம் தர வேண்டும்.

வெண்ணிறப் பொருள் ஒன்றை நீருக்குள் இறக்கி, அது எத்தனை அடியில் கண்ணிலிருந்து மறைகிறது என்று பாருங்கள். இரண்டு அடிக்குள் மறைந்தால் கறுப்பு. அதற்குக் கீழேயும் தெரிந்தால் பழுப்பும் பச்சையும் கலந்த பூசணிப்பச்சை. ஏரி மிகத் தெளிவாக இருந்து, மீன்கள் ஷாட் போன்ற வெள்ளி மீன்களைத் துரத்தும் காலமானால் வெள்ளை. இந்த மூன்றுக்கு மேல் நான் பெட்டியில் வைப்பதில்லை. கிராஃபிஷ் செம்மை ஏறிக் காணப்படும் முன்வசந்தத்தில் மட்டும் பூசணிப்பச்சைக் குஞ்சத்தில் சில ஆரஞ்சு அல்லது சிவப்பு இழைகளைச் சேர்ப்பதுண்டு. மீனின் கண் பிரித்தறியக்கூடிய நிறம் என்பதால் அதில் பொருள் இருக்கிறது.

கேள்வி: டெக்சாஸிலிருக்கும் அண்ணா அனுப்பிய பெரிய ஜிக்குகள் இங்கே கனடாவின் சிம்கோ ஏரியில் பயன்படவில்லை. ஒரு மீன் கூடக் கவ்வவில்லையே, ஏன்? – ஸ்கார்பரோ வாசகர்

பதில்: உங்கள் அண்ணா அனுப்பியவை நல்ல ஜிக்குகளாகவே இருக்கும், ஆனால் அவை மரமும் செடியும் நிறைந்த நீரில் வாழும் லார்ஜ்மௌத்துக்கு உரியவை. சிம்கோவில் நீங்கள் நாடுவது பாறைத் தரையை விரும்பும் ஸ்மால்மௌத் (சிறுவாய்) பாஸ். பேரேரிப் பகுதியில் 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் கண்டறியப்பட்ட ஸீப்ரா சிப்பிகள் பின்னர் சிம்கோவுக்கும் பரவின. அவை நுண்பாசியை வடிகட்டி உண்பதால் நீர் மிகத் தெளிந்துவிட்டது. தெளிந்த நீரில் மீன் தொலைவிலிருந்தே கண்டு, நின்று ஆராய்ந்து, ஐயம் தோன்றினால் விலகிவிடும். அதனுடன் உருண்டைக் கோபி என்னும் சிறு மீனும் வந்து பெருகிவிட்டது. பாறைகளின் மேல் ஒட்டியபடி வாழும் அந்தப் பழுப்பு நிற மீன் இன்று ஸ்மால்மௌத்தின் முக்கிய இரைகளுள் ஒன்று.

எனவே கால் அவுன்ஸ் முதல் அரை அவுன்ஸ் வரையுள்ள சிறிய ஃபுட்பால் தலை, மெல்லிய கம்பியாலான கூர்மையான கொக்கி, பழுப்பு அல்லது பூசணிப்பச்சை நிறத்தில் நறுக்கிய குட்டைக் குஞ்சம், எட்டு அல்லது பத்து பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு ஆகியவற்றோடு செல்லுங்கள். செடியற்ற பாறையில் நைலான் காப்பு தேவையில்லை; தடித்த காப்பு இருந்தால் மெல்லிய நரம்பைக் கொண்டு கொக்கியை மீனின் வாயில் பதிப்பது கடினம். தரையை விட்டு உயர்த்தாமல் இழுங்கள். கோபி மீனுக்குக் காற்றுப்பை இல்லாததால் அது தரையை ஒட்டியே நகரும். அண்ணா அனுப்பியவற்றை வீணாக்க வேண்டாம். ரைஸ் ஏரியின் செடிப் படுகைகளில் அவை கைகொடுக்கும்.

கேள்வி: குளிர்காலத்துக்கு ரப்பர் குஞ்சம் நல்லதென்கிறார்கள். சிலிக்கானைவிட அதில் என்ன சிறப்பு? – நாஷ்வில் வாசகர்

பதில்: ரப்பர் இழைகள் தாமாகவே விரிந்து நிற்பவை, ஜிக் அசையாமல் தரையில் கிடக்கும்போதும் மெல்லத் துடிக்கும். நீரின் வெப்பம் 50 பாரன்ஹீட்டுக்கு (10 செல்சியஸ்) கீழே இறங்கிவிட்டால் மீன் துரத்துவதில்லை, கிடக்கும் இரையையே எடுக்கிறது. ஆகவே அசைக்காமலே அசையும் இழைக்கு அப்போது மதிப்பு மிகுதி. கொடுக்கு உதறும் ட்ரெய்லரை அப்போது ஒதுக்கிவிட்டு, அசைவு குறைந்த தட்டையான துண்டைக் கோப்பது நல்லது. உங்கள் மாநிலத்தின் தெளிந்த ஏரிகளில், மான்வால் முடியாலும் பறவை இறகாலும் கட்டிய சிறிய ஜிக்கும் குளிரில் நன்கு பயன்படும். வண்ணத் தெரிவும் வெயில் தாங்கும் தன்மையும் சிலிக்கானுக்கே அதிகம் என்பதால், மற்றப் பருவங்களில் சிலிக்கான் போதும்.

கேள்வி: ஈய ஜிக் கூடாது என்று படகுத்துறையில் ஒருவர் தடுத்தார். அது சட்டமா? – நியூ ஹாம்ப்ஷயர் வாசகி

பதில்: சட்டமே. மொத்தம் ஓர் அவுன்ஸோ அதற்குக் குறைவோ எடையுள்ள ஈய ஜிக்குகளை உங்கள் மாநிலத்தில் பயன்படுத்தவும் விற்கவும் 2016 முதல் தடை உள்ளது. லூன் என்னும் நீர்ப்பறவை, அறுந்த நரம்போடு கிடக்கும் ஜிக்கையோ ஜிக்கை விழுங்கிய மீனையோ உண்ணும்போது, அதன் இரைப்பையில் கற்களோடு சேர்ந்து ஈயம் அரைபட்டுக் குருதியில் கலந்து அதைக் கொன்றுவிடுகிறது. அந்தப் பறவைகள் இறந்ததற்கான காரணத்தை ஆராய்ந்தபோது ஈயத் தூண்டில் பொருள்களே மீண்டும் மீண்டும் வெளிப்பட்டன. தடை இல்லாத மாநிலங்களில் இருப்பவர்களும் ஈயத்தைக் கைவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

டங்ஸ்டன் விலை கூடியதுதான். ஆனால் ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுடையது 19.3 கிராம். அதனால் அதே எடையில் தலை சிறுத்துச் செடிக்குள் எளிதில் நுழைகிறது. கடினமான உலோகம் என்பதால் கல்லைத் தொடுவதும் மணலைத் தொடுவதும் கோலைப் பிடித்த கைக்கு வேறுவேறாகத் தெரிகின்றன.

கேள்வி: பெட்டியில் வைத்த குஞ்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. – ஹூஸ்டன் வாசகர்

பதில்: மென்பிளாஸ்டிக் ட்ரெய்லர்களை ஜிக்கிலேயே விட்டு வைத்திருப்பீர்கள். அவற்றிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் இழைகளையும் தலையின் வண்ணப்பூச்சையும் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள்; ஜிக்கைக் காயவைத்த பிறகே பெட்டியை மூடுங்கள்; ரப்பர் குஞ்சமானால் கோடையில் காருக்குள் விடவே வேண்டாம். ஒட்டிப்போன குஞ்சத்தைப் பிரித்தெடுக்க முயல்வதைவிட, கழுத்து வளையத்தோடு உருவி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவதே எளிது. தலையும் கொக்கியும் நன்றாக இருக்கும்வரை அந்த ஜிக்கை நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம்.