நண்பரை அழைக்கும் முன் உங்கள் ஈட்டுக் கடனைப் பாருங்கள்

கேள்வி (அமெரிக்காவின் மேற்கு கான்சாஸ், 1887 நவம்பர்): டாட்ஜ் சிட்டிக்கு மேற்கே 160 ஏக்கரில் 1885 முதல் குடியிருக்கிறேன். அடுத்த ஆண்டே அரசுக்கு 200 டாலர் கட்டிப் பட்டா வாங்கிவிட்டேன். நிலத்தின் மேல் 500 டாலர் கடன், 8 சதவீத வட்டி. குதிரை ஜோடி, பசு, அறுத்துக் கட்டும் இயந்திரம் ஆகியவற்றை ஈடு வைத்து 150 டாலர், மாதம் 2 சதவீதம். இங்கே எல்லோரும் வாங்குவதுதான். இந்த ஆண்டு மழை பொய்த்தது; 30 ஏக்கர் கோதுமையில் ஏக்கருக்கு 6 புஷல்தான் (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ). ஒஹையோவில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் பால்ய நண்பர் 600 டாலர் சேர்த்து வைத்திருக்கிறார். பக்கத்து நிலம் காலியாக இருக்கிறது. வந்து குடியேறச் சொல்லி நான்கு கடிதம் எழுதினேன். அவர் மனைவி தயங்குகிறார். வந்தால் எனக்கு 300 டாலர் கைமாற்றாகத் தருவார். மிச்சத்தில், கடன் தரகராக இருக்கும் என் மைத்துனர் சொல்லும் புது ஊர் மனை ஒன்றைச் சேர்ந்து வாங்கலாம். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: நண்பரைச் சம்மதிக்க வைக்க நான் உதவப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மழை அல்ல, ‘எல்லோரும் வாங்குவதுதான்’ என்ற வரி.

கணக்கைப் போடுவோம். நிலக் கடனுக்கு ஆண்டு வட்டி 40 டாலர். குதிரை, பசு, இயந்திரத்தின் மேல் வாங்கியதற்கு 36. ஆக 76. விளைந்தது 180 புஷல். விதைக்கு 30 எடுத்து வைத்தால் 150 மிஞ்சும். புஷல் 55 சென்ட் என்று வைத்துக்கொண்டாலும் 82 டாலர். கதிரடிக்கும் கூலி போக 73. வட்டிக்கே 3 டாலர் துண்டு விழுகிறது. நீங்களும் குழந்தைகளும் சாப்பிட்டது கடைப் பாக்கியில் என்பதை நீங்கள் எழுதாமலே ஊகிக்கிறேன்.

இந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்தது அந்த 200 டாலர். குடியேறிகளுக்கு அரசு நிலம் தரும் 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் 20 டாலருக்கும் குறைவான கட்டணத்தில் நிலம் உங்களுடையது. அதே சட்டம், பட்டா கைக்கு வருமுன் பட்ட எந்தக் கடனுக்காகவும் அந்த நிலத்தைப் பிடுங்க முடியாது என்று சொல்கிறது. ஏழைக் குடியேறிக்கு இதைவிட நல்ல வேலி யார் போட்டுக் கொடுப்பார்கள்? 1890 வரை பொறுத்திருந்தால் போதும். நீங்களோ ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் கட்டி அந்த வேலியைப் பிரித்தீர்கள், நிலத்தை அடகு வைக்க முடியும் என்ற ஒரே காரணத்துக்காக. யோசனை சொன்னவர் மைத்துனர்தானே? ஒவ்வொரு கடனுக்கும் அவருக்குத் தரகு உண்டு. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருடைய வருமானம் உங்கள் விளைச்சலிலிருந்து வருவதில்லை, உங்கள் கையெழுத்திலிருந்து வருகிறது. புது ஊர் மனையைப் பற்றி இரண்டே வார்த்தை: வாங்க வேண்டாம். முளைக்குச்சி நட்டு வரைபடம் போட்ட இடமெல்லாம் ஊராகிவிடாது.

இப்போது நண்பரின் 600 டாலர். குடும்பத்தோடு ரயிலில் வந்து சாமான் இறக்க 60, நிலத்தைப் பதிய 20, குதிரை ஜோடிக்கு 200, வண்டிக்கும் கலப்பைக்கும் 90, கிணற்றுக்கும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டும் வீட்டுக்கும் 80 என்று தோராயமாக வைத்தாலே 450 போய்விடும். மிச்சம் 150-இல் முதல் நல்ல விளைச்சல் வரை பிழைக்க வேண்டும். நீங்கள் 300 வாங்கிக்கொண்டால் அவர் குதிரையே வாங்க முடியாது. உங்களைக் காப்பாற்ற வந்தவர் மறு வசந்தத்தில் உங்கள் மைத்துனரின் மேசை முன் நிற்பார்.

‘ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னால் வரும்’ என்று நண்பருக்கு எழுதினீர்களா? ரயில்வே கம்பெனிகளுக்கு விற்க நிலம் இருக்கிறது, அதனால் அவர்கள் அதை அச்சடிக்கிறார்கள். மழை குறைந்த மேற்குப் பகுதி ஏறத்தாழ நூறாவது தீர்க்கரேகையில் தொடங்குகிறது; அந்த ரேகை டாட்ஜ் சிட்டியை ஒட்டியே போகிறது. 20 அங்குலத்துக்கும் குறைவாக மழை பெய்யும் இடத்தில் பாசனமில்லாத விவசாயத்தை நம்ப முடியாது என்று மேற்குப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே அரசுக்கு அறிக்கை கொடுத்துவிட்டார். அங்கே மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்றார் அவர். உங்களிடம் இருப்பது 160.

செய்ய வேண்டியது இது. இயந்திரத்தை விற்றுவிடுங்கள், 30 ஏக்கருக்கு அது தேவையே இல்லை, அறுவடைக்கு வாடகைக்கு எடுங்கள். 100 டாலர் கிடைத்தால், கடன் கொடுத்தவரின் சம்மதத்தோடு அப்படியே அந்த 150 டாலர் ஈட்டுக் கடனில் கட்டுங்கள். மாத வட்டி 3 டாலரிலிருந்து 1 டாலராகும். மீதி 50-ஐக் குளிர்காலத்தில் ரயில் பாதையில் கூலி வேலை பார்த்து அடையுங்கள். (முன்பு காட்டெருமை எலும்பைப் பொறுக்கி ரயிலடியில் விற்றுக் குளிர்காலத்தைத் தாண்டியவர்கள் உண்டு, அந்த எலும்பும் தீர்ந்துபோனது.) வசந்தத்தில் எதையும் புதிதாக ஈடு வைக்காதீர்கள். வரும் ஜூலையிலும் இதே விளைச்சல்தான் என்றால், நிலத்தைக் கடன் கம்பெனிக்கே எழுதிக் கொடுங்கள். கடன் பத்திரத்தை ரத்து செய்து திருப்பித் தருவதாக முதலில் எழுதி வாங்குங்கள். குதிரையும் வண்டியும் கடனில்லாமல் உங்களுடையதாக இருந்தால் எந்த ஊரிலும் மறுபடி தொடங்கலாம். நான் அவசரப்படுவது அதற்காகத்தான்.

நண்பருக்கு ஐந்தாவது கடிதம் கட்டாயம் எழுதுங்கள். கிணற்றின் ஆழம், ஏக்கருக்கு 6 புஷல், உங்கள் தலைமேல் இருக்கும் 650 டாலர், எல்லாவற்றையும் சொல்லுங்கள். புல் பச்சையாக இருக்கும் மே மாதத்தில் வேண்டாம், ஆகஸ்டில் தனியாக ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் விரும்பினால் வரட்டும், ஐந்து ஆண்டுகள் குடியிருந்தே பட்டா வாங்கட்டும், 600 டாலர் அவர் பெயரிலேயே இருக்கட்டும். தபாலில் சேர்க்கும் முன் அந்தக் கடிதத்தை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்டுங்கள். கான்சாஸில் மனைவியின் சம்மதமில்லாமல் குடியிருப்பு நிலத்தை அடகு வைக்க முடியாது. அந்த 500 டாலர் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்.