வருகை சமீபம் என்றால் சேமிப்பு எதற்கு?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 41 வயது. நானும் கணவரும் சிறு வயதிலிருந்தே சபைக்குப் போகிறவர்கள். ஒன்றரை வருடமாக அவர் ஒரு ஊழியரின் கடைசிக்காலச் செய்திகளை யூடியூபில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்காவது போர், நிலநடுக்கம் என்றால் அன்று இரவே ஒரு புது வீடியோ வந்துவிடும். அடுத்த வருடம் முடிவதற்குள் சபை எடுத்துக்கொள்ளப்படும், அதாவது இயேசு வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று அந்த ஊழியர் கணக்குப் போட்டுச் சொல்கிறாராம். மகளின் மேற்படிப்புக்காக மாதாமாதம் போட்டுவந்த பணத்தை என் கணவர் நிறுத்திவிட்டார். இருந்ததிலும் ஒரு பகுதியை அந்த ஊழியத்துக்கு அனுப்பிவிட்டார். இப்போது வேலையையும் விடப்போகிறேன் என்கிறார். கேட்டால், "உனக்கு விசுவாசம் குறைச்சல்" என்று வாயை அடைத்துவிடுகிறார். எனக்கும் பயம்தான் அக்கா. ராத்திரி விழிப்பு வந்தால் பக்கத்தில் அவர் படுத்திருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்கிறேன். போன வாரம் 16 வயது மகள், "அம்மா, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் உலகம் இருக்குமா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டாயிரம் வருடமாக வருகிறார், வருகிறார் என்கிறோம். உண்மையாகக் காத்திருப்பது என்றால் என்ன?
- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இருட்டில் கணவரைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏனென்றால் அந்தப் பயம் எனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயது இருக்கும். பள்ளி விட்டு வந்தேன். கதவு திறந்திருக்கிறது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. அம்மாவின் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. அம்மாவை மட்டும் காணோம். அதற்கு முந்தின ஞாயிறுதான் "ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள்" என்று பிரசங்கம் கேட்டிருந்தேன். பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த வீட்டு அம்மாள் எந்தச் சபைக்கும் போகாதவர். அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது! கொஞ்ச நேரத்தில் அம்மா மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கட்டிப்பிடித்து அழுத என்னிடம், "யாருடி அடிச்சா?" என்று கேட்டார்.

இதைச் சொன்னால் விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்த பாதிப் பேர் சிரித்துவிட்டுத் தங்கள் கதையைச் சொல்வார்கள். ஆனால் 41 வயதில், நடுராத்திரியில், அது சிரிப்புக்குரிய விஷயம் இல்லை.

நீங்கள் பயப்படுகிற அந்த வசனப்பகுதியை எடுத்து முழுதாகப் படியுங்கள். 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரம். தெசலோனிக்கேயா நகரத்துச் சபை விசுவாசிகளில் சிலர் இறந்துபோனார்கள். ஆண்டவர் வருவதற்குள் இறந்தவர்களின் கதி என்ன என்று வீட்டார் தவித்தார்கள். அந்தத் துக்க வீடுகளுக்குத்தான் பவுல் எழுதுகிறார்: மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், நாம் எல்லோரும் சேர்ந்து கர்த்தருடன் இருப்போம். கடைசி வரி, "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்." பிரிந்தவர்கள் மறுபடி சேருவார்கள் என்று ஆறுதல் சொல்ல எழுதிய கடிதத்தை, பக்கத்தில் படுத்திருப்பவர் பிரிந்துபோவார் என்று பயமுறுத்த எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடைசி வரியை உங்கள் கணவர் கேட்கும் செய்திகளில் எத்தனை முறை வாசித்தார்கள் என்று கவனியுங்கள்.

அடுத்தது அந்தத் தேதி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்று மத்தேயு 24:36 சொல்கிறது. மாற்கு இன்னும் ஒரு படி போய், குமாரனும் அறியார் என்கிறார். இதற்கு ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருப்பார்கள்: "நாளும் நாழிகையும்தான் தெரியாது, வருடமும் மாதமும் தெரியலாமே!" அப்போஸ்தலர் 1:7ஐக் காட்டுங்கள். காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று உயிர்த்தெழுந்தவரே சொல்லிவிட்டார். காலம் என்பதற்குள் வருடமும் அடக்கம்தானே?

தேதி குறிப்பது ஏதோ இணையம் வந்த பிறகு தொடங்கிய வியாதி என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்து என்பவர் தானியேல் புத்தகத்துக்கு ஒரு விளக்கவுரை எழுதினார். அதில் தம் காலத்தில் பொந்து நாட்டில் இருந்த ஒரு சபைத் தலைவரைப் பற்றிச் சொல்கிறார். நல்ல மனிதர், தாழ்மையுள்ளவர். ஆனால் வேதத்தைவிடத் தாம் கண்ட சொப்பனங்களை அதிகம் நம்பினார். ஒரு வருடத்துக்குள் நியாயத்தீர்ப்பு என்று அறிவித்தார். நடக்காவிட்டால் வேதத்தையே நம்பாதீர்கள் என்றும் சொல்லிவிட்டார். ஜனங்கள் வயலை விட்டார்கள், உடைமைகளை விற்றார்கள், இரவும் பகலும் அழுது ஜெபித்தார்கள். வருடம் முடிந்தது. பிறகு கன்னியராக இருந்த பெண்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், ஆண்கள் வயலுக்குத் திரும்பினார்கள். எல்லாவற்றையும் விற்றவர்கள் மட்டும் பிச்சை எடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். விலை கொடுத்தவர்கள் யார் பாருங்கள்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22க்காகக் காத்திருந்தார்கள். விளைந்ததை அறுக்காமல் நிலத்திலேயே விட்டவர்கள் உண்டு. ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்றார், தப்பிப்போனதும் அக்டோபர் 21 என்றார். அடுத்த வருடம், தேதி குறித்தது தவறு, பாவம் என்று ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்காவது மனம் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். தென்கொரியாவில் நடந்ததைத்தான் நீங்கள் உங்கள் கணவருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமி மிஷன் என்ற குழு 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்தது. வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள், குடும்பத்தைப் பிரிந்து போனவர்களும் உண்டு. அந்த நாள் வருவதற்கு முன்பே தலைவர் லீ ஜாங் ரிம் மோசடி வழக்கில் கைதானார். அவரிடம் இருந்த முதலீட்டுப் பத்திரங்கள் முதிர்வது எப்போது தெரியுமா? 1993இல். ஜனங்களுக்கு 1992ஓடு முடிவு, அவருடைய பணத்துக்கு மட்டும் அடுத்த வருடமும் இருந்தது.

உங்கள் கணவர் கேட்கிற ஊழியரும் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவர் தம் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டாரா, தம் வீட்டை விற்றுவிட்டாரா என்று கேட்பது அவிசுவாசம் ஆகாது.

கிறிஸ்து மகிமையோடு மறுபடி வருவார், மரித்தோர் உயிர்த்தெழுவார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு என்பதைச் சபைகள் பொதுவாக அறிக்கை செய்கின்றன. விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை தனியாக உண்டா, அது கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்பா பின்பா, கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சி எழுத்தின்படியா பொருளின்படியா என்பதில் பக்தியுள்ளவர்களே பல பக்கமாக நிற்கிறார்கள். உபத்திரவத்துக்கு முன் இரகசிய வருகை என்ற வரிசை பரவியது 1830களுக்குப் பிறகு, டார்பி என்பவருடைய போதனையால். அதை நம்புகிறவர்களில் அருமையான மனிதர்களை எனக்குத் தெரியும். அதை நம்பாததால் ஒருவரும் விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரர் ஆகிவிடுவதில்லை. போர்ச் செய்திகளைப் பொறுத்தவரை, ஆண்டவர் அவற்றைக் கடிகாரமாகத் தரவில்லை. கலங்காதிருங்கள், "முடிவு உடனே வராது" என்று யுத்தங்களைப் பற்றிப் பேசுகிற மத்தேயு 24:6இலேயே சொல்லியிருக்கிறார்.

சரி, காத்திருப்பதற்கு வருவோம். மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துக் கன்னிகைகள் உவமையை நாம் எவ்வளவோ முறை கேட்டிருக்கிறோம். ஒரு விஷயம் பெரும்பாலும் காதில் விழுவதில்லை. மணவாளன் வரத் தாமதித்தபோது அவர்கள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எல்லோரும், புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். அவர்கள் தூங்கியதற்காக அங்கே ஒரு கண்டிப்பும் இல்லை. கையில் கூடுதல் எண்ணெய் இருந்ததுதான் வித்தியாசம். கூடுதல் எண்ணெய் எதற்கு? தாமதமாகலாம் என்பதற்கு. இன்று ராத்திரியே வந்துவிடுவார் என்று நினைத்து விளக்கோடு மட்டும் கிளம்பியவர்களைத்தான் கதை புத்தியில்லாதவர்கள் என்கிறது. உங்கள் மகளுக்காகப் போட்டுவந்த அந்த மாதப் பணத்தை நான் அந்த எண்ணெய்ப் பாத்திரமாகத்தான் பார்க்கிறேன்.

அதற்குச் சற்று முன்னால் இன்னொரு கதை. எஜமான் வெளியே போகிறார். உண்மையுள்ள ஊழியக்காரனுக்கு அடையாளமாக இயேசு சொல்வது என்ன? வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருப்பதா? "ஏற்றவேளையிலே" வீட்டாருக்குப் போஜனம் கொடுப்பது. அவ்வளவு சாதாரண வேலை. எஜமான் வந்து கதவைத் திறக்கும்போது அவன் கையில் பரிமாறுகிற பாத்திரம் இருக்கிறது. அவன்தான் பாக்கியவான்.

தெசலோனிக்கேயாவுக்கே மறுபடி போக வேண்டியிருக்கிறது. கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று அங்கே யாரோ கிளப்பிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு ஒழுங்கில்லாமல் திரிந்தவர்களும் அதே சபையில் இருந்தார்கள். பவுலின் இரண்டாம் கடிதம் இரண்டையும் பேசுகிறது. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற அந்தக் கடுமையான வசனம் அங்கேதான் வருகிறது. உங்கள் கணவர் ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன் அந்த மூன்று அதிகாரத்தையும் இருவருமாக ஒரே மூச்சில் வாசியுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.

வாசித்துவிட்டு எரேமியா 32ஐயும் புரட்டுங்கள். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னவரே எரேமியா தீர்க்கதரிசிதான். அப்படிச் சொன்னதற்காகத்தான் காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். கர்த்தர் சொன்னபடி எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதுகிறார், நெடுநாள் கெடாமல் இருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். முடிவு வருகிறது என்று அவரைவிட உறுதியாக நம்பினவர் அந்த ஊரில் இல்லை. நிலத்தையும் அவர்தான் வாங்கினார்.

இரண்டாயிரம் வருடம் ஆகிவிட்டதே என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் வருவார் என்ற வாக்குத்தத்தம் எங்கே என்று கேலி செய்தவர்களுக்குத்தான் 2 பேதுரு 3 பதில் சொல்கிறது. ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லோரும் மனந்திரும்ப வேண்டும் என்று பொறுத்திருக்கிறார் என்பதே அந்தப் பதில். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. சில நாட்களில் போதாமலும் இருக்கிறது, அதையும் மறைப்பானேன். அந்த நாட்களில் "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்ற சங்கீதங்களை வாசிக்கிறேன்.

இனி வீட்டு விஷயம். கணவரோடு வசனத்துக்கு வசனம் மோதாதீர்கள். நீங்கள் ஒன்று சொன்னால் அவர் வீடியோவிலிருந்து பத்து எடுத்து வருவார். அதைவிட, ஒன்றரை வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். யாராவது இறந்தார்களா? அலுவலகத்தில் அவமானப்பட்டாரா? கடன், உடம்புக்கு முடியாமல் போனது, ஏதாவது? வாழ்க்கை தாங்க முடியாமல் போகும்போது, எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை என்று மனிதனுக்குத் தோன்றும். அதற்கு விசுவாசத்தின் சட்டையைப் போட்டுக்கொள்வது எளிது. வீடியோ பார்க்காத ஒரு நேரத்தில், "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

பணத்தில் மட்டும் மென்மையாக இருக்க வேண்டாம். மகளின் பெயரில் மீதி இருப்பதை, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கணக்குக்கு மாற்றுங்கள். ஒளித்துச் செய்யாதீர்கள், அவரிடம் சொல்லியே செய்யுங்கள். கோபப்படுவார், படட்டும். ராஜினாமா பேச்சுக்கு, உங்கள் சபைப் போதகரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். நீங்கள் மட்டும் தனியாகப் போய்ப் புகார் சொன்னதாக அது ஆகிவிடக் கூடாது.

உங்கள் தூக்கம். படுக்கை அறைக்குள் அந்த வீடியோச் சத்தம் வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இந்த விழிப்பும் படபடப்பும் வாரக்கணக்கில் தொடர்கிறது என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதனால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

மகளுக்கு என்ன சொல்வது என்றுதானே கேட்டீர்கள். "எப்போது வருவார் என்று எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. நீ படி" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவள் சேர நினைக்கிற படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் தாராளமாகக் குறித்து வைக்கலாம்.