டோரியன் கிரேயைக் கெடுத்தது லார்ட் ஹென்றிதானா? கேள்வி பதில்

கேள்வி: ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே நாவலை இப்போதுதான் முடித்தேன். லார்ட் ஹென்றி பையனைக் கெடுத்துவிட்டார் என்கிறார்கள். மனிதர் பேசிக்கொண்டு மட்டும்தானே இருக்கிறார்?

பதில்: பேச்சே போதும் அவருக்கு. தன்னைப் படமாக வரைவதற்காக ஓவியர் பேசில் முன்னால் வந்து நிற்கிற டோரியன் அதுவரை தன் அழகைப் பெரிதாக நினைத்ததே இல்லை. இந்த இளமை சில வருடம்தான், போனால் திரும்பாது என்று பேசிலின் நண்பரான ஹென்றி தோட்டத்தில் வைத்துச் சொல்கிறார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பையன் தன் படத்தைப் பார்த்து, இது கிழடாகட்டும், நான் இப்படியே இருக்க வேண்டும், அதற்கு ஆன்மாவையே கொடுப்பேன் என்று அழுகிறான். அப்படியே நடக்கிறது, அவன் முகம் மாறவே இல்லை, படம்தான் மாறுகிறது.

கேள்வி: ஹென்றி பிறகு அவனுக்குப் படிக்க அனுப்பிய அந்த மஞ்சள் புத்தகம்தானே அவனைக் கெடுத்தது?

பதில்: டோரியனே கடைசியில் அப்படித்தான் சொல்கிறான், இனி யாருக்கும் அதைக் கொடுக்காதே என்று ஹென்றியிடம் கேட்டும் கொள்கிறான். ஆனால் புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது என்பேன். எட்டாம் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். நடிகை சிபிலை முந்தின இரவு கேவலமாகப் பேசிவிட்டு வந்தவன், மனம் கேட்காமல், மன்னித்துவிடு என்று பக்கம் பக்கமாக அவளுக்குக் கடிதம் எழுதி முடிக்கிறான், அப்போதுதான் கதவு தட்டப்படுகிறது, ஹென்றி, சிபில் விஷம் குடித்து இறந்துவிட்டாள் என்ற செய்தியோடு. நான்தான் அவளைக் கொன்றேன் என்று முதலில் துடிக்கிறான். ஹென்றியோ, அவள் உண்மையில் வாழவே இல்லை, அதனால் சாகவும் இல்லை, அதை ஒரு நாடகக் காட்சியாகப் பார் என்று பேசப் பேச, என்னை எனக்கே விளக்கிவிட்டாய் ஹாரி (ஹென்றியின் செல்லப்பெயர்) என்கிறான்! ஒரு மணி நேரம் கழித்து இருவரும் ஆப்பெராவில். அந்தக் கடிதம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கேள்வி: அவன் எப்படி ஆகிவிட்டான் என்று ஹென்றிக்குத் தெரியுமா?

பதில்: தெரியாது. பின்னால் டோரியன் பேசிலைக் கொன்றே விடுகிறான். பேசிலைக் கொன்றது நான்தான் என்றால் என்ன சொல்வாய் என்று டோரியன் கேட்டுப் பார்க்கிறான், உனக்குக் கொலை செய்யவே வராது என்கிறார். வாடாத முகத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்.

கேள்வி: எந்தப் பதிப்பைப் படிக்கலாம்?

பதில்: 1891 நூல், 20 அத்தியாயம். 1890-இல் பத்திரிகையில் வந்தது 13தான், அதில் சிபிலின் தம்பி கதையெல்லாம் கிடையாது.

கேள்வி: அப்போ டோரியன் மேல் தப்பே இல்லையா?

பதில்: இருக்கிறது. படத்தில் வாயோரம் கொடூரத்தின் சாயல் முதலில் தெரிந்தது சிபிலை அழவிட்டு வந்த இரவில்தான். அவன் காலடியில் அவள் விழுந்து கெஞ்சியபோது ஹென்றி அங்கே இல்லை, பாதி நாடகத்திலேயே எழுந்து போயிருந்தார்.