தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்

தம்பி, இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவை நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், பராமரிப்பைப் பற்றி இந்த நாட்டில் யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் வார்டில்தானே இருக்கிறார்? நல்லதாயிற்று. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் இப்போது உங்கள் கண்ணெதிரே நடமாடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர்களைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

என் மாமியாரை அழைத்துவந்த அன்று, செவிலியர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். பாதி புரியவில்லை, திரும்பக் கேட்கக் கூச்சம். இரவு பத்து மணிக்கு, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே குத்துவது என்று நானும் மனைவியும் விழித்துக்கொண்டிருந்தோம். ஆகவே செவிலியர் காட்டுவதைப் பார்த்தால் மட்டும் போதாது. அவர் முன்னிலையிலேயே நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். கட்டிலிலிருந்து எழுப்புவதற்கும் படியேற்றுவதற்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் அப்படியே பழகிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்கள் பிள்ளையை அந்த வேலைக்கு நிறுத்த வேண்டாம்.

வீட்டில் கழிப்பறை மாடியில் இருக்கிறதா, பகலில் அம்மாவுடன் இருக்க ஆள் உண்டா என்பதை வீட்டுக்குப் போன பிறகு தேவைப்படும் உதவிகளுக்கு ஏற்பாடு செய்யும் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இதைச் சொல்வது கௌரவக் குறைச்சல். “நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்றால் அதையே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு உதவி கேட்டு அலைய வேண்டியது நீங்கள்தான்.

மருந்தில்தான் எனக்குப் பயம் அதிகம். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையும் இங்கே கொடுப்பதும் ஒன்றாகவே இருக்கலாம், பெயர் மட்டும் வேறு. பாரசிட்டமாலையே சில நாடுகளில் அசெட்டமினோஃபென் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அளவு மீறினால் கல்லீரல் கெடும். வீட்டிலுள்ள அத்தனை மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டி, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, காயம் சிவந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே அழைத்துச் சொல்லுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸ்தான். அம்மா திடீரெனக் குழம்பிப்போய்ச் சம்பந்தமில்லாமல் பேசினால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கிருமித்தொற்றோ மருந்தோ காரணமாக இருக்கலாம். இரவில் இதையெல்லாம் எந்த எண்ணில் சொல்வது என்று கேளுங்கள். வண்டி வாசலில் காத்திருந்தாலும் பரவாயில்லை, அந்த எண்ணும் டிஸ்சார்ஜ் சுருக்கமும் கைக்கு வந்த பிறகே கிளம்புங்கள்.